சாவியின் சந்தேகம்

ஆயுத பூஜையன்று காலை பத்தேகாலுக்குத் திருமூர்த்தியின் பட்டறையில் கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குங்குமம் தடவிய பூசணிச் சில்லுகளின் மேல் ஏறி இறங்கி ஒரு நீல நிறக் கார் உள்ளே வந்து நின்றது.

அவனுக்கு எரிச்சல்தான். பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டோரம், கார்ச் சாவி வேலைக்கென்றே பேர் எடுத்த பட்டறை அது. வருஷம் முழுக்க ஸ்பேனரும் கையுமாக இருப்பவனுக்கு இந்த ஒன்றரை நாள்தான் ஓய்வு. ஆயுதங்களுக்கும் அதுதான் ஓய்வு. ஸ்பேனர், திருப்புளி, மீட்டர், சாவியின் உள்மனதைப் படிக்கிற ஸ்கேனர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. மறுநாள் பகல் பன்னிரண்டேகாலுக்கு நல்ல நேரம். அதுவரை ஒன்றையும் தொடக் கூடாது.

இந்த விஷயத்தில் அவன் மனைவி அம்சவேணி கறார்ப் பேர்வழி. மூன்று வருஷத்துக்கு முன் ஆயுத பூஜையன்று யாருக்கோ அவசரம் என்று அவன் ஸ்கேனரை எடுத்தான். மறுவாரம் கரண்ட் அடித்து ஒரு மாதம் கையில் கட்டோடு திரிந்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சம்பந்தம் இருக்கிறது என்று அம்சவேணிக்குத் தெரியும். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காரிலிருந்து இறங்கியவர் கோகிலவாணி டீச்சர். கோட்டூர் ரோட்டில் ஒரு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாக இந்த நீலக் காருக்குத் திருமூர்த்திதான் வைத்தியன். முன்பெல்லாம் வந்தால் உட்காரக்கூட மாட்டார். வாட்ச்சைப் பார்த்தபடி நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார். அன்றைக்கு வந்ததும் அம்சவேணியிடம் பொரிகடலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பூஜை அலங்காரத்தை ஒரு சுற்றுப் பார்த்து, ஸ்கேனருக்கு வைத்த பொட்டு அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். அப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வந்தார். சாவி விளக்கு எரிகிறதாம்.

சாவி என்றதும் பல் வெட்டிய இரும்புத் துண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு வெகுநாளாயிற்று. அதற்கப்புறம், பையில் வைத்திருந்தாலே கதவு திறக்கிற சாவிகள் வந்தன. அவற்றின் சைகையைக் காற்றிலேயே காப்பியடித்து, வாசலில் நின்ற வண்டியைத் திருடர்கள் அலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு யோசனை உதித்தது. சாவியைத் திருடலாம், ஆளைத் திருட முடியுமா? இப்போதைய சாவி சட்டைப் பொத்தான் அளவு ஒரு வில்லைதான். ஆனால் தன்னை வைத்திருப்பவரின் நடை, உட்காரும் தோரணை, பிரேக்கை மிதிக்கிற அழுத்தம், பெருமூச்சு விடும் இடைவெளி எல்லாவற்றையும் வருஷக்கணக்காகக் கவனித்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். இது வேறு ஆள் என்று பட்டுவிட்டால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சாவிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் சந்தேக விளக்கு. பத்து நாள் பொறுத்துப் பார்க்கும். சந்தேகம் தீராவிட்டால் சிவப்பாகி வண்டியைப் பூட்டிக்கொள்ளும்.

திருமூர்த்தி காருக்குள் எட்டிப் பார்த்தான். விளக்கு எதுவும் எரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மெரூன் கலரில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். கொலு வைத்த அன்று விளக்கு எரிந்தது. சாவியில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று டீச்சர் புதுசு வாங்கிப் போட்டார். போகவில்லை. வில்லையைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அப்போதும் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் மஞ்சள் வெளிச்சம் கண்ணைக் குத்தவே, நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார். பார்க்க லட்சணமாக இருந்ததால் அப்படியே மறந்தும் போனார். காலையில் வண்டியே வாய்திறந்து பேசிய பிறகுதான் பயம் வந்திருக்கிறது. நாளை நண்பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறதாம்.

"ஏனுங்க டீச்சர், எட்டு நாளா பொட்டு ஒட்டி மறைச்சு வெச்சுப்போட்டு, பட்டறைக்கு லீவு உட்ட அன்னைக்கு வந்து நிக்கறீங்களே" என்றான் திருமூர்த்தி.

டீச்சர் கோபப்படவில்லை. தப்புதான் என்று ஒப்புக்கொண்டு இன்னொரு பிடி பொரி எடுத்தார்.

ஸ்கேனர் இருந்தால் பத்து நிமிஷ வேலை. சாவியின் சந்தேக அளவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், விளக்கு அணைந்துவிடும். சட்டத்துக்கு அதில் பாதிச் சம்மதம்தான். ஆனால் எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். அவன் வாழையிலையை ஒரு பார்வை பார்த்தான். அவன் பார்ப்பதை அம்சவேணி பார்த்தாள். டீச்சர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தனக்காக ஆயுதத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரும் வீட்டில் புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டு, காலையிலிருந்து ஒரு வரிகூடப் படிக்காமல் கை நமநமக்க இருக்கிறாராம். நாளைக்கு நல்ல நேரம் பன்னிரண்டேகால், வண்டி பூட்டிக்கொள்வது பன்னிரண்டு. இடையில் பதினைந்தே நிமிஷம்தான், ஆனால் ஒரு தடவை பூட்டிக்கொண்ட சாவியை ஸ்கேனராலும் திறக்க முடியாது, அழித்துவிட்டுப் புதுசுதான் வாங்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரும் இரண்டு நாள் லீவு.

கருவியைத்தானே தொடக் கூடாது, வாயால் கேட்டால் என்ன என்று திருமூர்த்திக்குத் தோன்றியது. முன்சீட்டில் உட்கார்ந்து, சந்தேகத்துக்குக் காரணம் சொல்லும்படி சாவியிடமே கேட்டான். செய்தி வாசிப்பவரின் குரலில் சாவி சொல்லத் தொடங்கியது.

"பதிவில் உள்ள கோகிலவாணி காலை ஏழு பத்துக்குக் கிளம்புவார். இவருக்குக் கிளம்பும் நேரம் என்று ஒன்று இல்லை. பதிவில் உள்ளவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிப்பார், பிரேக்கைச் சட்டென்று மிதிப்பார், ஒரு நாளைக்குப் பதினேழு முறை ஹாரன் அடிப்பார். இவர் நூற்று முப்பது நாட்களில் இரண்டு முறை அடித்திருக்கிறார். இரண்டும் மயிலுக்காக. பதிவில் உள்ளவர் வண்டி நின்றதும் இறங்கி ஓடுவார். இவர் நின்ற பிறகும் ஆறேழு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பாடுகிறார். இவர் கோகிலவாணியாக இருக்க நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கு வாய்ப்பு உள்ளது."

அம்சவேணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. பாடுவதை இது கேட்டுக்கொண்டா இருந்தது என்று வெட்கம்.

திருமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. இந்த விளக்கு என்ன பாடுபடுத்தும் என்று அவன் நிறையப் பார்த்திருக்கிறான். குடியை விட்டு ஆறு மாதமான ஒரு லாரி ஆபீஸ்காரருக்குச் சாவி பூட்டிக்கொண்டது. கை நடுங்காமல் ஸ்டீயரிங் பிடிப்பவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு வருஷம் முழுக்க விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அது வேறு அவருக்குத் தினம் ஞாபகப்படுத்தியது. நல்லதுக்கு மாறினாலும் கெட்டதுக்கு மாறினாலும் சாவிக்கு ஒன்றுதான். மாறாமல் இருப்பவர்தான் அதற்கு ஆள்.

போனால் போகிறது, பழைய பதிவை அழித்துவிட்டுப் புதுச் சாவி வாங்கிக்கொள்கிறேன் என்றார் டீச்சர். அவன் தயங்கித்தான் சொன்னான்.

"அங்கதானுங்க சிக்கல். கையால ஓட்டற லைசென்ஸ் இந்தச் சாவிக்குள்ளதான் இருக்குது. சாவி அழிஞ்சா அதும் போச்சு. அறுபது தாண்டுனவங்களுக்குப் புதுசாத் தர்றதில்லீங்க. தானா ஓடற வண்டியில பின்னாடி உக்காந்து போலாம், அவ்ளோதான்."

டீச்சர் கையிலிருந்த பொரியை அப்படியே தட்டில் போட்டார். மே மாதத்தோடு அவருக்கு அறுபது முடிந்திருந்தது.

கார் ஓட்டுவது இன்பமான காரியம் என்பதை இந்த நாலு மாதத்தில்தான் அவர் கண்டுபிடித்திருந்தார். வியாழக்கிழமை தோறும் தனியாகக் கிளம்பி ஆழியாறு தாண்டி வால்பாறை மலைரோட்டில் ஏறுவார். ஒரு வாரம் ஐந்தாவது வளைவு வரை, ஒரு வாரம் பதினைந்தாவது வரை, எங்கே தோன்றுகிறதோ அங்கே நிறுத்தி, மலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். எதற்குப் போனாய் என்று கேட்டால் பதில் இல்லாத பயணம். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. அது நாளைப் பகல் பன்னிரண்டோடு முடியப்போகிறது.

கருவி இல்லாமல் விளக்கை அணைக்க இரண்டே வழி என்று திருமூர்த்தி சொன்னான். ஒன்று, பழையபடி நடந்து காட்டி, சாவியை நம்ப வைப்பது. இன்னொன்று சாட்சி. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர் வண்டியில் உட்கார்ந்து, இதே ஆள்தான் என்று வாயால் சொன்னால் சாவி ஏற்றுக்கொள்ளும். ஆனால் குரலில் பொய் இருந்தால் கண்டுபிடித்துவிடும். அப்புறம் சாட்சி சொன்னவரின் சாவியும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

சாட்சிக்கு டீச்சர் வீட்டிலேயே ஆள் இருந்தது. கணவர் தரணிதரன், ஓய்வு பெற்ற நில அளவையர். முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து அளந்த மனிதர். எந்தப் பெரிய மனுஷன் வந்து நின்றாலும் ஒரு அடி கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார் என்று தாலுகா ஆபீஸில் பேர். அந்தப் பேர்தான் அன்றைக்கு இடைஞ்சலாக வந்தது.

மத்தியானம் டீச்சர் வீட்டுக்குத் திருமூர்த்தியும் கூடப் போனான். தரணிதரன் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார். சாவி கேட்கப்போகும் கேள்வி வார்த்தைக்கு வார்த்தை என்ன என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"அதே ஆளான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க? மாறிட்டாளே. இப்ப இருக்கறவகிட்ட எனக்கே இன்னும் பழக்கமாகல."

டீச்சர் சமையலறைக்குள் போனார். அங்கே டம்ளர்களின் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. தரணிதரன் பரிதாபமாகத் திருமூர்த்தியைப் பார்த்தார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் இரண்டு சாவியும் போகும், அதனால் யாருக்கு லாபம் என்று மெதுவாகக் கேட்டார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. ஆனால் கட்டிய மனைவிக்குச் சாட்சி சொல்ல இத்தனை யோசனையா என்று திருமூர்த்திக்கு மனதுக்குள் கசந்தது.

ஆக, முதல் வழிதான். விஜயதசமி காலை ஏழு பத்துக்கு நாடகம் ஆரம்பமானது.

டீச்சர் ஆத்மார்த்தமாகத்தான் முயன்றார். நாலரைக்கே எழுந்து, பழைய காட்டன் சேலையைக் கட்டி, ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டார். பக்கத்து சீட்டில் மூன்று டிபன் பாக்ஸும் ஒரு கட்டுத் தாளும் வைத்தார். வழி நெடுக முன்பு போல ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து எதையாவது கேட்க வேண்டும் என்று கணவருக்கு உத்தரவு. பனியன் எங்கே, கண்ணாடி எங்கே, அம்மாவின் மாத்திரை எங்கே என்று அந்தக் காலத்தில் கேட்பாராம். பின்சீட்டில் திருமூர்த்தி உட்கார்ந்து, பள்ளியில் பெல் அடித்துவிட்டது, மேலதிகாரி வந்து காத்திருக்கிறார் என்று பயமுறுத்திக்கொண்டே வந்தான்.

டீச்சர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தார். சும்மா நின்ற ஒரு மாட்டுக்கு மூன்று ஹாரன் அடித்து, அடித்த கையோடு மாட்டிடம் மன்னிப்பும் கேட்டார். ஏழு இருபதுக்குத் தரணிதரன் போன் வந்தது.

"வாணி, உப்புமா செஞ்சு மூடி வெச்சிருக்கறேன், நாடகம் முடிஞ்சதும் வா. பனியன் கையிலயே கெடைச்சிருச்சு. நீ கோவப்படறதுக்கு வேற என்ன கேக்கோணும்?"

டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் கதை இன்னும் மோசமானது. விஜயதசமி சேர்க்கைக்காகக் கேட் திறந்திருந்தது. சிலேட்டும் அழுகையுமாக வந்த குழந்தைகளைப் பார்த்ததும் டீச்சர் வண்டியை நிறுத்திவிட்டு, நாடகத்தை மறந்து, ஒன்பதரை மணி வரை நிதானமாக எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். சாவி பேசியது. "வேறொருவரைப் போல நடந்துகொள்ளும் முயற்சி தெரிகிறது. இவர் கோகிலவாணியாக இருக்க நூற்றுக்கு இருபத்து நான்கு பங்கு வாய்ப்பு."

திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் டீச்சர் ஓரங்கட்டினார். இன்னொரு தரம் முயன்று பார்க்கலாம், இந்த முறை நிஜமாகவே கோபம் வருகிற மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று திருமூர்த்தி சொல்லிப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார்.

"நெனைச்சுப் பாத்தனுங்க மூர்த்தி. கோவம் வர்லீங்க, பாவமாத்தான் இருக்குது. சோறாக்கி, மாமியாரைக் குளிக்க வெச்சு, மூணு டப்பா கட்டி, ஒரு வாய் காப்பியை நின்னுட்டே குடிச்சுப்போட்டு ஓடி வருவேன். இந்த வண்டி பன்னெண்டு வருசமாப் பாத்தது என்னைய இல்லீங்க, என்ற களைப்பைத்தான். அதையே என்ற அடையாளம்னு எழுதி வெச்சுருக்குது. லைசென்ஸ் வேணும்ங்கறதுக்காக அந்தக் களைப்பை மறுபடி வரவழைக்கோணுமா? வேண்டாமுங்க. ஒரு நாளைக்குக்கூட வேண்டாம்."

இத்தனை வருஷம் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியாவது இழுத்துப் போட்டிருக்கலாம் என்று திருமூர்த்திக்குத் தோன்றியது. கண்ணில் தூசி விழுந்த மாதிரித் துடைத்துக்கொண்டான்.

பத்தரை மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றதும் டீச்சர் கணவரை ஏறச் சொன்னார். எங்கே என்று கேட்டவருக்கு, மலைக்கு என்று மட்டும் பதில் வந்தது. பூட்டிக்கொள்வதானால் தான் சொல்கிற இடத்தில் பூட்டிக்கொள்ளட்டுமாம். தரணிதரன் உப்புமாவைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். மலையில் வண்டி பூட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டு வர ஆள் வேண்டும் என்பதால் திருமூர்த்தியும் இறங்கவில்லை. பன்னிரண்டேகாலுக்குப் பட்டறையில் பூஜை எடுக்க வேண்டும். அம்சவேணிக்குப் போன் செய்து சொன்னான். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். டீச்சரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வா, ஆயுதம் எங்கேயும் போய்விடாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்பு நிழல் ரோட்டில் விழுந்து கிடந்தது. அணையைத் தாண்டி முதல் வளைவில் ஏறும்போது டீச்சரின் தோள் தளர்ந்ததைத் திருமூர்த்தி பின்னாலிருந்து கவனித்தான். கையும் ஸ்டீயரிங்கும் ஒன்றாகவே திரும்பின. அவன் எத்தனையோ பேர் ஓட்டிப் பார்த்தவன், இவ்வளவு பதவிசாக மலையேறுகிற கையை அதிகம் பார்த்ததில்லை. ஏழாவது வளைவில் ஒரு பஸ் கீழே இறங்கி வந்தது. டீச்சர் பதறாமல் பின்னுக்கு வந்து ஒதுங்கி வழிவிட்டார். டிரைவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் டீச்சர் தன்னையறியாமல் பாட ஆரம்பித்தார். பாட்டென்றும் சொல்ல முடியாது, ஏதோ ஒரு மெட்டு, வார்த்தைகள் பாதி விழுங்கியபடி.

தரணிதரன் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வியாழக்கிழமைகூட அவர் கூட வந்ததில்லை. மனைவி கூப்பிடவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தும்போது மணி பதினொன்று ஐம்பது. கீழே அணைத் தண்ணீர் வெயிலில் கிடந்தது. மஞ்சள் விளக்கு துடிக்க ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் வண்டி பூட்டப்படும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று சாவி சொன்னது. நிறுத்தியாச்சு என்றார் டீச்சர். உப்புமாவைத் திறந்து மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். அழுகிற மாதிரி எதுவும் அவர் முகத்தில் இல்லை. அதுதான் திருமூர்த்திக்குத் தாங்கவில்லை.

பங்கைக் கையில் வாங்கிய தரணிதரன் சாப்பிடாமல் கீழே வைத்தார். தான் சாட்சி சொல்வதாகச் சொன்னார். டீச்சர் வேண்டாம் என்று தடுத்தார். பொய் சொல்லி அவர் சாவியும் போக வேண்டியதில்லை, இரண்டு பேரில் ஒருவருக்காவது இருக்கட்டும். தரணிதரன் கேட்கவில்லை. திருமூர்த்தி சொல்லிக்கொடுத்தபடி சாவியிடம் தன் பெயரையும் உறவையும் சொன்னார்.

"சாட்சி பதிவாகிறது" என்றது சாவி. "பதிவில் உள்ள கோகிலவாணியும் இப்போது அமர்ந்திருப்பவரும் ஒரே நபரா?"

"நீ எத்தனை வருசமாப் பாக்கற இவளை?" என்று தரணிதரன் திருப்பிக் கேட்டார்.

"பன்னிரண்டு ஆண்டுகள்."

"நான் முப்பத்தி நாலு வருசமாப் பாக்கறேன். கல்யாணமான வருசம் இதே ரோட்டுல பைக்ல வந்தோம். பின்னாடி உக்காந்து வழி பூரா இப்படித்தான் பாதி முழுங்கிப் பாடிட்டு வந்தா. அப்புறம் எப்ப நிறுத்துனான்னு எனக்குத் தெரியல. ஊர் நிலமெல்லாம் அளந்தவன், என்ற வீட்டுல அதைய அளக்காம உட்டுட்டேன். நேத்து என்னையக் கேட்டப்ப, மாறிட்டாளேன்னு சொன்னேன். தப்பு. இவதான் அவ. நடுவுல நீ பாத்தவதான் வேற ஆளு. அப்படி ஆக்குனதுல எனக்கும் பங்கிருக்குது." அவர் விளக்கை நேராகப் பார்த்துச் சொன்னார். "ஒரே ஆளுதான். ஆமாம்னு எழுதிக்கோ."

திருமூர்த்தி அந்த விளக்கையே பார்த்தான். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"குரலில் பொய் இல்லை" என்றது சாவி. விளக்கு ஒரு முறை மினுங்கி அணைந்தது.

திருமூர்த்தி கையைத் தட்டப் போய் அடக்கிக்கொண்டான். முன்சீட்டில் டீச்சர் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, நேரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை. தரணிதரன் உப்புமாத் தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

அப்போது சாவி மறுபடி பேசியது. அதன் கணக்கில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது.

"சாட்சியின்படி, கடந்த பன்னிரண்டு ஆண்டுகள் இந்த வண்டியை ஓட்டியவர் வேறு ஆள். அந்த நபரின் பதிவை அந்நியர் என்று குறித்து அழித்துவிடலாமா? உங்கள் உரிமத்துக்குப் பாதிப்பு வராது. உரிமையாளர் பதில் சொல்லவும்."

தரணிதரன் வாயெடுத்தார். சாவி கேட்பது அவரை அல்ல. டீச்சர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நாலரை மணிக்கு எழுந்து, நின்றபடி காப்பி குடித்து, ஏழு பத்துக்கு ஓடிய அந்தப் பெண்ணை ஒரு வார்த்தையில் இல்லாமல் செய்துவிடலாம். காலையில் புளியமரத்தடியில் கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பார்.

"அழிக்க வேண்டாம்" என்றார். "ஓடி ஓடி எங்களையெல்லாம் கரை சேத்தது அவதான். அவளுக்கு உக்கார நேரமே கெடைக்கல. அவளும் வண்டியிலயே இருக்கட்டும், நான் கூட்டிட்டுப் போய்க்கறேன்."

பிறகு உப்புமாவை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, வண்டியைக் கிளப்பிப் பத்தாவது வளைவில் திருப்பினார்.